கல்லூரிப் பட்ட விழாவில் பேச்சாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது

விழா முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சில இரவுகளில் அரங்கத்தின் மூன்றாவது வரிசையில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலி கண்முன் வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் பட்டம் பெறுபவர்களுக்கான விழாவில் பேச்சாளர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் தந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. போன ஆண்டு இதைப் பார்த்துக்கொண்டவர் வேறு இடத்துக்கு மாறிப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற கோப்பில் ஒரு பழைய அழைப்பிதழும் பூக்கடை ரசீது ஒன்றும் மட்டுமே இருந்தன. யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் ஒன்பது வாரம் தனியாகவே ஓடினேன். இப்படி ஒரு பொறுப்பு இன்னொருவர் கைக்கு வரும்போது அவராவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

முதல் தவறு அழைப்பிதழிலேயே நடந்தது. எங்களுடையது ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. சட்டப்படி பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம்தான். அதற்கென்று அவர்கள் தனியாகப் பட்டமளிப்பு விழா நடத்துகிறார்கள். எங்கள் கல்லூரியில் நடப்பது பிள்ளைகள் படித்து முடித்ததைக் குடும்பத்தோடு சேர்ந்து கொண்டாடும் விழா. மேடையில் கொடுக்கும் உறைக்குள் பட்டச் சான்றிதழ் இருக்காது, ஒரு வாழ்த்து அட்டைதான் இருக்கும். இந்த வேறுபாடு எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. பழைய அழைப்பிதழைப் பார்த்து அழகாக இருக்கட்டும் என்று "பட்டங்களை வழங்கிச் சிறப்புரை ஆற்றுவார்" என்று எழுதி அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது கை நடுங்கிவிட்டது. மறு அச்சுக்கான செலவு என்னுடையதாயிற்று. அதைவிட, அன்றைக்குச் சான்றிதழ் கையில் கிடைத்துவிடும் என்று நம்பி வேலைக்குச் சேரும் தேதியைக் குறித்து வைத்திருந்த நான்கு மாணவர்களுக்கு நானே அழைத்து விளக்க வேண்டியிருந்தது. உங்கள் விழாவில் கொடுக்கப்படுவது என்ன, கொடுக்கப்படாதது எது என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சிறப்பு விருந்தினருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவரும் மேடையில் "இன்று உங்களுக்குப் பட்டம் வழங்குகிறேன்" என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது சிறப்பு விருந்தினரைத் தேடியது. எங்கள் முதல்வருக்குப் பெரிய பெயர் ஒன்று வேண்டும் என்ற ஆசை. தவறான ஆசை இல்லை, அழைப்பிதழில் அறிந்த பெயர் இருந்தால் பெற்றோருக்கும் மகிழ்ச்சிதான். பலரைக் கேட்டு, கடைசியில் ஊடகங்களில் அடிக்கடி முகம் தெரியும் ஒருவர் தொலைபேசியில் "கண்டிப்பா வரேன்மா, தேதியைக் குறிச்சுக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் உறுதி என்று எடுத்துக்கொண்டேன். விமானச் சீட்டு எடுத்தேன், தங்கும் அறைக்கு முன்பணம் கட்டினேன், இரண்டும் என் அட்டையிலிருந்து. ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவான சீட்டு அது. கல்லூரிக்கு மிச்சப்படுத்துகிறேன் என்று நினைத்தேன். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய உதவியாளரிடமிருந்து இரண்டு வரிச் செய்தி வந்தது, அன்றைக்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறதாம். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கணக்குப் பிரிவில் போய்க் கேட்டால், முன் அனுமதி வாங்காத செலவைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்றார்கள். மறு அச்சையும் சேர்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விட்டது.

இப்போது யோசித்தால், அவர் மீது மட்டும் குறை சொல்ல முடியவில்லை. நான் அவரிடம் எழுத்தில் எதுவும் கொடுக்கவே இல்லையே. தொலைபேசியில் ஒப்புக்கொண்ட அன்றே ஒரு கடிதம் போயிருக்க வேண்டும். விழா நாள், அரங்கம், அவர் வர வேண்டிய நேரம், கிளம்பலாம் என்ற நேரம், எத்தனை நிமிடப் பேச்சு, எந்த மொழியில், கேட்பவர்கள் யார், அவருக்கு முன்னும் பின்னும் யார் பேசுகிறார்கள், பயணச் செலவை யார் ஏற்பது, மதிப்பூதியம் உண்டா இல்லையா, பேச்சைப் படம் பிடித்து வெளியிட அவருக்குச் சம்மதமா, இத்தனையும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பதில் வந்த பிறகுதான் சீட்டு எடுக்க வேண்டும். அதுவும் கல்லூரியின் அனுமதித் தாள் கையில் இருந்தால்தான். மதிப்பூதியத்தைப் பற்றிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்காமல் விட்டால் இரண்டு பக்கமும் வேறு வேறு கணக்கு மனத்தில் ஓடும், கேட்டுவிடுவதே மரியாதை. இன்னொன்று, மாற்றுப் பேச்சாளர் ஒருவரைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்திருங்கள். அவர் அருகிலேயே இருப்பவராக இருக்கட்டும். உங்கள் கல்லூரியிலேயே படித்துப் பத்துப் பதினைந்து ஆண்டு வேலையில் இருக்கும் ஒருவர் போதும். அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்த அனுபவம் அவருக்கு இருக்கிறது.

எனக்கு அந்த நேரத்தில் அப்படி யாரும் தோன்றவில்லை. பதற்றத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், நேர்மையானவர், கேட்ட உடனே ஒப்புக்கொண்டார். "எவ்வளவு நேரம் பேசட்டும்?" என்று அவராகவே கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "உங்கள் விருப்பம் சார், எவ்வளவு நேரம் பேசினாலும் எங்களுக்குப் பாக்கியம்." வயதில் மூத்தவரிடம் நிமிடக் கணக்குச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். விழாவன்று அந்தி வரைக்கும் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அந்த ஒரு பதில்தான்.

இடையில் இரவுகளில், நல்ல பட்டமளிப்பு உரை எப்படி இருக்கும் என்று தேடித்தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டின் பட்டமளிப்பு நாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் பேசினார். போரில் நொறுங்கிப் போன ஐரோப்பாவை மீட்டெடுக்கும் திட்டம் அந்தப் பேச்சில்தான் வெளிப்பட்டது. அந்தப் பேச்சு கால் மணி நேரம்கூட இல்லை. 1963 ஜூன் 10 அன்று அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் அன்றைய அமெரிக்க அதிபர் கென்னடி அணு ஆயுதச் சோதனைத் தடைக்கான பேச்சுவார்த்தையை அறிவித்தார். அது அரை மணி நேரத்துக்குள் முடிந்தது, இரண்டு மாதத்துக்குள் ஒப்பந்தமே கையெழுத்தாகிவிட்டது. 2005இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் ஜாப்ஸ், தான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன் என்று சொல்லித் தொடங்கி, தன் வாழ்க்கையிலிருந்து மூன்று கதைகளை மட்டும் சொல்லிக் கால் மணி நேரத்தில் அமர்ந்துவிட்டார். பட்டமளிப்பு உரை இல்லையென்றாலும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1863இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களுக்கான கெட்டிஸ்பர்க் கல்லறை நிகழ்ச்சியில் முதன்மைப் பேச்சாளர் அதிபர் லிங்கன் இல்லை, எட்வர்ட் எவரெட் என்பவர். ஒரு காலத்தில் ஹார்வர்டுக்குத் தலைவராக இருந்தவர். இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் லிங்கன் பேசியது இரண்டு மூன்று நிமிடம். நான் இரண்டு மணி நேரத்தில் தொட்டதை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டீர்கள் என்ற பொருளில் எவரெட் மறுநாளே லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். இதையெல்லாம் படித்துக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அந்த அதிகாரியைத் திரும்ப அழைத்து "சார், பதினைந்து நிமிடம் போதும்" என்று சொல்ல மட்டும் துணிவு வரவில்லை.

மாணவர் சார்பில் பேசுபவரைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மனநிறைவு தந்த வேலை. முதல் மதிப்பெண் எடுத்தவரையே பேசச் சொல்லலாம் என்றார்கள். விருப்பம் உள்ளவர்கள் ஒரு பக்கம் எழுதி வந்து வாசித்துக் காட்டட்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பதினொரு பேர் வந்தார்கள். வேலை செய்துகொண்டே படித்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். அவள் எழுதி வந்த உரையில், அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் அந்நாட்டின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் பட்டமளிப்பு விழாவில் சொன்னதாக ஒரு மேற்கோள் இருந்தது. வெயிலில் போனால் சருமப் பூச்சு போட்டுக்கொள்ளுங்கள் என்று தொடங்கும் அறிவுரை அது. தேடிப் பார்த்தால் அதை அவர் சொல்லவே இல்லை. மேரி ஷ்மிக் என்பவர் 1997இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் எழுதிய பத்தி அது, யாரோ வானகட் பெயரில் மின்னஞ்சலில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு எம்.ஐ.டி.யில் உண்மையில் பேசியவர் அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான். மேடைப் பேச்சுக்கு மேற்கோள் எடுக்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொன்றுக்கும் மூலத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பெண் மேற்கோளை எடுத்துவிட்டு, இரவுப் பணி முடித்து வரும் தனக்காக விடுதித் தோழி தினமும் குறிப்பு எழுதி வைத்ததை எழுதினாள். ஆறே நிமிடம். அரங்கமே அமைதியாகக் கேட்ட பேச்சு அதுதான். முந்தின நாள் அதே மேடையில் அதே மைக்கில் இரண்டு முறை பேசிப் பார்க்க வைத்திருந்தேன். தாளில் எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒரு பக்கம் மட்டும் அடித்து, பக்க எண் போட்டுக் கொடுத்தேன். கை நடுங்கினாலும் வரி தொலையவில்லை.

சரி, விழா நாளுக்கு வருகிறேன். மூன்று மணிக்குத் தொடக்கம், ஐந்து மணிக்கு முடிவு என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். 380 பேர் மேடை ஏற வேண்டும். நிரலில் அதற்கு 45 நிமிடம் ஒதுக்கியிருந்தேன். எதை வைத்து என்று கேட்டால் பதில் இல்லை, போன ஆண்டு தாளில் அப்படித்தான் இருந்தது. விழாவுக்கு முந்தின மாலை நான்கு மாணவர்களை மேடை ஏற்றிக் கடிகாரம் வைத்துப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. பெயர் சொல்லி, நடந்து வந்து, உறையை வாங்கி, படத்துக்கு நின்று இறங்க ஒருவருக்குப் பன்னிரண்டு நொடி ஆகிறது. 380 பேருக்கு 76 நிமிடம். முதல்வரிடம் போய்ச் சொன்னேன். "பார்த்துக்கலாம்" என்றார். நானும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று இருபதுக்குத்தான் தொடங்கினோம். வரவேற்புரை ஒன்பது நிமிடம், ஆண்டறிக்கை இருபத்திரண்டு, சிறப்பு விருந்தினரைப் பற்றிய அறிமுகம் மட்டும் எட்டு. சிறப்புரை நாற்பத்தேழு நிமிடம். தன் பணிக்காலம் முழுவதையும் வரிசையாகச் சொன்னார். அதில் உண்மையாகவே நல்ல பகுதிகள் இருந்தன, ஆனால் இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு கைக்குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டன, அங்கிக்குள் பிள்ளைகள் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லிச் சீட்டு அனுப்பலாமா என்று பக்க மேடையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அனுப்பவில்லை. பிறகு வாழ்த்துரை இரண்டு, சேர்ந்து இருபத்து மூன்று நிமிடம். அப்புறம் மாணவியின் ஆறு நிமிடம். முதல் பெயர் அழைக்கப்பட்டபோது மணி ஐந்தேகால். விழாவே முடிந்திருக்க வேண்டிய நேரம் அது.

ஐந்தே முக்கால் வாக்கில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். கையில் ஊன்றுகோல். கூட வந்தவர் ஏதோ சொல்லி உட்கார வைக்கப் பார்த்தார், பிறகு இருவரும் மெதுவாக வெளியே போனார்கள். வாசலில் ஓடிப் போய்க் கேட்டேன். அவர்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஆறு மணிக்காம். "பேத்தி பேரு எப்பம்மா கூப்பிடுவாங்க?" என்று என்னிடம் கேட்டார். கடைசித் துறை, இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் அவர்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெறுபவள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவள் மேடை ஏறியபோது அந்த நாற்காலியைத்தான் பார்த்தாள். நான் பக்க மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு பார்வைதான் எனக்கு எல்லாவற்றையும் புரிய வைத்தது. அந்த அரங்கத்துக்கு வந்த குடும்பங்களில் ஒன்றுகூடச் சிறப்புரை கேட்க வரவில்லை. தங்கள் பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்க வந்தார்கள். அன்றைய நிகழ்ச்சியில் மிக முக்கியமான பேச்சாளர் பெயர் வாசிப்பவர். நான் ஒன்பது வாரமும் சிறப்பு விருந்தினர் பின்னால் அலைந்தேன், பெயர் வாசிக்க யாரை நிறுத்துவது என்பதை விழாவன்று காலையில்தான் முடிவு செய்தேன். அவரும் பாவம், பட்டியலை முதல் முறையாக மேடையில்தான் பார்த்தார். ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்களில் ழகரம் லகரமானது, குறில் நெடிலானது. ஒரு மாணவனின் பெயருக்குப் பதில் அவன் அப்பா பெயரை வாசித்துவிட்டார். அந்தப் பையன் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு நடந்தான்.

ஆகவே இதை யார் ஏற்றாலும் நான் கெஞ்சிக் கேட்பது, வேலையைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். முதலில் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நொடி என்று மேடையிலேயே அளந்துவிடுங்கள். அந்த நேரத்தை நிரலில் முதலில் எழுதி, மிச்சம் இருப்பதைத்தான் பேச்சாளர்களுக்குப் பங்கிடுங்கள். ஆண்டறிக்கையை அச்சிட்டு நாற்காலியில் வைத்துவிடலாம், வாசிக்க வேண்டியதில்லை. வாழ்த்துரைகள் இல்லாவிட்டாலும் விழா குறைந்துவிடாது. முடியுமானால் சிறப்புரைக்கு முன்பே பெயர்களை அழைத்துவிடுங்கள். பெயர் முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்களே என்று முதல்வர் தயங்குவார். போகட்டுமே, அவர்கள் வந்த காரியம் முடிந்துவிட்டது. அது முடியாது என்றால் தொலைவிலிருந்து வந்த குடும்பங்கள் யார் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்களை முதலில் ஏற்றலாம். பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே அவரவர் கையால் அட்டையில் எழுதி வாங்குங்கள். அந்த அட்டையோடு மேடைப் படியில் நிற்கட்டும், வாசிப்பவரிடம் நேராகக் கொடுக்கட்டும். வரிசை மாறினாலும் பெயர் மாறாது. வாசிப்பவர் ஒரு வாரம் முன்பே பட்டியலை வாய்விட்டு வாசித்துப் பார்க்கட்டும், ஐயம் உள்ளதை அந்தப் பிள்ளையிடமே கேட்கட்டும்.

சிறப்பு விருந்தினரிடம் நேரத்தைச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. விழா முடிந்து சில நாள் கழித்து அந்த அதிகாரியைப் பார்க்கப் போனேன். மனத்தில் இருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்க பதினஞ்சு நிமிஷம்னு சொல்லியிருந்தா பதினாலுல முடிச்சிருப்பேனேம்மா. காலியா விட்டீங்க, நான் நிரப்பணும்னு நெனச்சேன்" என்றார். பேச்சாளர் கண்ணில் படும்படி ஒரு கடிகாரம் வைப்பது, இரண்டு நிமிடம் இருக்கும்போது காட்ட ஓர் அட்டை தயாராக வைப்பது, இதை முன்பே அவரிடம் சொல்லிவிடுவது, இவ்வளவும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பேத்தியை இரண்டு வாரம் கழித்துத்தான் அழைக்க முடிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை, "வீடியோ இருந்தா மட்டும் கொடுங்க மேடம், ஆயாகிட்ட காட்டணும்" என்றாள். ஒளிப்பதிவாளரிடம் ஓடினேன். வரவேற்புரையிலிருந்து எல்லாப் பேச்சையும் முழுதாகப் பிடித்திருக்கிறார். ஆறு மணிக்கு மேல் நினைவக அட்டை நிறைந்துவிட்டதாம். கடைசித் துறைக்குப் பதிவே இல்லை. பெயர் அழைப்பதற்கென்று தனியாக ஒரு கேமரா வைக்க வேண்டும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் கையில் இருந்த தொலைபேசியை நிறுத்தி வைத்தாவது எடுத்திருப்பேன். புகைப்படக்காரரிடம் ஒரே ஒரு படம் கிடைத்தது. அவள் உறையை வாங்குகிறாள், முகம் பாதி திரும்பியிருக்கிறது, மூன்றாவது வரிசைப் பக்கம். அதைப் பெரிதாக அச்சிட்டு, பின்பக்கத்தில் அவள் பெயரையும் பட்டத்தையும் என் கையால் எழுதி அனுப்பினேன். நேற்று அவளிடமிருந்து செய்தி வந்தது. ஆயாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதாம், இவள்தான் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினாளாம், திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம்.